பிறர் கூற்றை நாம் கூறும் முறை



ஆங்கில இலக்கணத்தில் உங்களுக்கு எந்தப் பகுதி கடினமாக இருக்கிறது என்று வகுப்பிலே கேட்டால், பலரும் தயங்காமல் கூறும் விடை 'டைரக்ட், இன்டைரக்ட்' என்பதே. தமிழில் இவற்றை நேர்கூற்று, அயற்கூற்று என்கிறோம். ஒருவர் பேசியதை அவர் பேசியவாறே மேற்கோட்குறிக்குள் இட்டு உரைப்பது நேர்கூற்று. அவர் பேசியதன் பொருளை நம் வாய்மொழியாக்கி உரைப்பது அயற்கூற்று. இவ்வளவையும் நீங்கள் அறிவீர்கள். அறிந்திருந்தும் விடைத்தாளில் தவறு நேர்கிறது. 34 ஆண்டுகள் அத்தவறுகளைச் சிவப்பு மையால் சுழித்துவந்த நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். அவற்றிற் பெரும்பாலானவை கவனக்குறைவால் வருவன அல்ல. நம் தாய்மொழியின் வழக்கிலிருந்து வருவன. தமிழை நன்றாகப் பேசுகிற பிள்ளைதான் இந்தத் தவற்றையும் நன்றாகச் செய்கிறான். ஆகவே அவனைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. தவறு எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டவேண்டும்.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'நான் ஊருக்குப் போகிறேன் என்று ராமு சொன்னான்.' இதில் ஊருக்குப் போகிறவன் யார்? ராமுதான்; ஐயமே இல்லை. இதனை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், "ராமு ஸெட் தட் ஐ வாஸ் கோயிங் டு தி வில்லேஜ்" என்று ஒரு மாணவன் எழுதுகிறான். 'நான்' என்பதற்கு 'ஐ' வந்துவிட்டது. 'என்று' என்பதற்குத் 'தட்' வந்துவிட்டது. கணக்குச் சரியாகிவிட்டது என்று அவன் எண்ணுகிறான். ஆனால் ஆங்கிலம் அறிந்த ஒருவர் இவ்வாக்கியத்தைப் படித்தால், ஊருக்குப் போகிறவன் ராமு அல்லன், எழுதிய மாணவனே என்றுதான் பொருள்கொள்வார். ராமு திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க, வாக்கியம் எழுதியவன் வண்டியேறிப் போய்விட்டான்!

இத்தனைக்கும் காரணம், 'என்று' என்னும் சொல்லையும் 'தட்' என்னும் சொல்லையும் ஒன்றாகக் கருதியதே. நம்முடைய 'என்று' பொட்டலம் கட்டுகிற நூலைப் போன்றது. கடைக்காரர் உள்ளே எதை வைத்துக் கட்டினாரோ அது அப்படியே வீடு வந்து சேரும். பேசியவனுடைய 'நான்', பேசியவனுடைய 'இன்று', பேசியவனுடைய 'இங்கே' எல்லாம் கலையாமல் உள்ளேயே இருக்கும். பழைய ஓலைச்சுவடிகளில் மேற்கோட்குறி என்பதே கிடையாது. அது ஐரோப்பிய அச்சு முறையோடு நம்மிடம் வந்தது. அதற்கு முன்பு 'என', 'என்று', 'என்றான்' என்னும் சொற்களே அந்தக் குறியின் வேலையையும் சேர்த்துச் செய்துவந்தன. ஆங்கிலத் 'தட்' அத்தகைய நூல் அன்று. பொட்டலத்தைப் பிரித்து, உள்ளிருப்பதை நம் வீட்டுப் பாத்திரத்தில் கொட்டிய பிறகு அதன்மேல் இடுகிற மூடி அது. 'தட்' என்று எழுதிவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு சொல்லும் சொல்லுகிறவனாகிய உங்களுடைய சொல்லே. உள்ளே 'ஐ' என்று இருந்தால் அது நீங்கள். 'டுமாரோ' என்று இருந்தால் அது உங்களுடைய நாளை. 'ஹியர்' என்று இருந்தால் அது நீங்கள் நிற்கும் இடம்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், விதிகள் பலவும் தாமாகவே பின்னே வரும்.

தமிழில் அயற்கூற்றே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாக இருக்கிறது. 'ராமு, தான் ஊருக்குப் போவதாகச் சொன்னான்' என்கிறோமே, அதுவே அது. 'போவதாக', 'வந்ததாக', 'எழுதியிருப்பதாக' என்று வினையின்மேல் 'ஆக' ஏறி வரும் தொடர்களில் 'நான்' நிற்காது, 'தான்' வந்துவிடும். ஆகவே என் மாணவர்களுக்கு நான் ஒரு வழி சொல்லுவது உண்டு. ஆங்கில நேர்கூற்று வாக்கியத்தைக் கண்டவுடன் விதிகளைத் தேடாமல், அதை மனத்துக்குள்ளே தமிழில் 'ஆக' இட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். 'நான்' என்பது 'தான்' ஆகி, பொட்டலம் பிரிந்துவிடும். அதன்பிறகு ஆங்கிலத்தில் எழுதினால் ராமுவே ஊருக்குப் போவான்: "ராமு ஸெட் தட் ஹி வாஸ் கோயிங் டு தி வில்லேஜ்."

இந்தத் 'தான்' என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. "ராமு டோல்ட் கோபால் தட் ஹி ஹாட் பாஸ்ட்" என்கிறது ஆங்கிலம். தேர்வில் தேறியவன் ராமுவா, கோபாலா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. 'ஹி' என்பது இருவருக்கும் பொது. தமிழிலோ, 'தான் தேறிவிட்டதாகக் கோபாலிடம் ராமு சொன்னான்' என்றால் ராமு தேறினான். 'அவன் தேறிவிட்டதாக' என்றால் கோபாலோ வேறொருவனோ தேறினான். ஆங்கிலம் ஒரு வாக்கியத்துக்குள் செய்யமுடியாமல் தடுமாறுவதை நம் மொழி ஈரெழுத்துச் சொல்லால் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இத்தகைய குழப்பம் நேருமானால், 'ஹி' என்பதற்குப் பதிலாகப் பெயரையே மீண்டும் எழுதிவிடுங்கள். அழகு குறைந்தாலும் பொருள் குறையாது.

இனி விதிகளுக்கு வருவோம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களும் மாறும் முறைக்குப் பள்ளிகளில் 'சன்' விதி என்று ஒன்று சொல்லித்தருவர். எஸ், ஓ, என் என்னும் மூன்றெழுத்துகளின் சேர்க்கை அது. மேற்கோளுக்குள் உள்ள தன்மைப் பெயர் வெளியில் உள்ள எழுவாய்க்கு ஏற்ப மாறும். முன்னிலைப் பெயர் செயப்படுபொருளுக்கு ஏற்ப மாறும். படர்க்கைப் பெயர் மாறாது. நெட்டுருச் செய்வதற்கு எளிய விதி. பத்து வினாக்களில் ஒன்பதுக்கு இது போதும். ஆனால் பத்தாவது வினா உங்களைக் காத்திருக்கும். ராமு கோபாலிடம், "தி ஹெட்மாஸ்டர் இஸ் ஆங்ரி வித் யூ" என்று சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அச்செய்தி என் காதுக்கு வருகிறது. அதை நான் என் நண்பரிடம் சொல்லும்போது எப்படிச் சொல்லுவேன்? "ராமு டோல்ட் கோபால் தட் ஐ வாஸ் ஆங்ரி வித் ஹிம்." படர்க்கையாக இருந்த தலைமையாசிரியர் இங்கே தன்மையாகிவிட்டார்! 'மாறாது' என்ற விதி எங்கே போயிற்று? விதி எங்கும் போகவில்லை. 'இப்பொழுது சொல்லுகிறவன் யார்?' என்ற கேள்வியைக் கேட்க அது மறந்துவிட்டது, அவ்வளவுதான். எழுத்துகளை நெட்டுருச் செய்வதைவிட இந்தக் கேள்வியை நெட்டுருச் செய்வது மேல்.

அடுத்தது காலம். 'ஸெட்', 'டோல்ட்' என்று முன்னே நிற்கும் வினை இறந்தகாலமாயின், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னே போகும். 'ஆம்', 'இஸ்' என்பன 'வாஸ்' ஆகும். 'ஆர்' என்பது 'வேர்' ஆகும். 'ஹாவ் ரிட்டன்' என்பது 'ஹாட் ரிட்டன்' ஆகும். 'வில்' என்பது 'வுட்' ஆகும். 'கேன்' 'குட்' ஆகும். 'மே' 'மைட்' ஆகும். முன்னே நிற்கும் வினை 'ஸேஸ்' என்று நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருந்தால் உள்ளே காலமாற்றம் இல்லை. இவற்றை நீங்கள் எந்த இலக்கணப் புத்தகத்திலும் காணலாம்; நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

உள்ளே ஏற்கெனவே இறந்தகாலம் இருந்தால் 'ஹாட்' சேர்க்கவேண்டும் என்பதும் விதியே. 'ஐ லாஸ்ட் மை புக்' என்பது 'ஹி ஹாட் லாஸ்ட் ஹிஸ் புக்' என்றாகும். ஆயினும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவேண்டாம். "மை ஃபாதர் வாஸ் பார்ன் இன் 1930" என்று ஒருவர் சொன்னால், "ஹி ஸெட் தட் ஹிஸ் ஃபாதர் வாஸ் பார்ன் இன் 1930" என்று சொல்வதே இயல்பு. ஆண்டையே கூறிவிட்டபிறகு, எது முன் எது பின் என்று காட்ட 'ஹாட்' எதற்கு? ஐயம் நேரும் இடத்தில்தான் அதற்கு வேலை.

காலத்தைப் பற்றிய விதிகளில் ஒன்று மட்டும் எனக்கு எப்பொழுதும் சுவையாகத் தோன்றுவது. என்றும் மாறாத உண்மைகளைக் கூறும்போது நிகழ்காலம் நிகழ்காலமாகவே நிற்கும் என்பது அது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார் என்பதனை, "தி டீச்சர் ஸெட் தட் தி எர்த் கோஸ் ரவுண்ட் தி ஸன்" என்று எழுதுகிறோம். 'வென்ட்' என்று எழுதினால் இலக்கணப் பிழை ஆகாது. ஆனால் பூமி இப்பொழுது சுற்றுவதை நிறுத்திக்கொண்டதோ என்று குறும்புக்கார மாணவன் கேட்பான். சரி, என்றும் மாறாத உண்மை என்று தீர்ப்புச் சொல்லுகிறவர் யார்?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த டாலமி என்னும் அறிஞர், பூமி நிலையாக நிற்கிறது, சூரியன் அதைச் சுற்றுகிறது என்று எழுதினார். அவருக்கு அது மாறாத உண்மையே. கி.பி. 499இல் 'ஆரியபடீயம்' இயற்றிய ஆரியபடர், பூமி தன்னைத் தானே சுழல்கிறது என்றார். இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் அயற்கூற்றாக எழுதுங்கள். "ஆரியபட்டா ஸெட் தட் தி எர்த் ரொட்டேட்ஸ்" என்று நிகழ்காலத்தில் எழுதலாம். டாலமியின் கூற்றையோ, "டாலமி ஸெட் தட் தி ஸன் வென்ட் ரவுண்ட் தி எர்த்" என்று இறந்தகாலத்தில்தான் எழுதவேண்டும். 'கோஸ்' என்று எழுதினால் நாமும் அதை நம்புவதுபோல் ஆகிவிடும். பார்த்தீர்களா? சொன்னவருடைய உறுதியைப் பொறுத்து வினையின் காலம் அமையவில்லை. சொல்லுகிற நம்முடைய உறுதியைப் பொறுத்தே அமைகிறது. நிகழ்காலத்தை வைத்துக்கொள்ளும்போது, 'இதற்கு நானும் பொறுப்பு' என்று கையொப்பமிடுகிறோம். ஒருவர் தம் வீடு ஆற்றங்கரையில் இருப்பதாகச் சொன்னால் 'இஸ்' என்றும் எழுதலாம், 'வாஸ்' என்றும் எழுதலாம். 'இஸ்' என்றால் அவ்வீடு இன்றும் அங்கே இருப்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். 'வாஸ்' என்றால், அவர் சொன்னார், அவ்வளவே.

இனிக் காலத்தையும் இடத்தையும் சுட்டும் சொற்கள். 'நௌ' என்பது 'தென்' ஆகும். 'டுடே' என்பது 'தட் டே' ஆகும். 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆகும். 'எஸ்டர்டே' என்பது 'தி ப்ரீவியஸ் டே' ஆகும். 'ஹியர்' என்பது 'தேர்' ஆகும். இந்தப் பட்டியலை எழுதிப் போட்டால் மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடுவர். நானும் பல ஆண்டுகள் இதை ஐந்து நிமிடத்தில் நடத்திவிட்டுப் போனவன்தான். அதன்பின் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது.

1997ஆம் ஆண்டு. மாணவர் விடுதியுடன் கூடிய ஒரு பள்ளியில் நான் அப்பொழுது தலைமையாசிரியனாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை அலுவல் நிமித்தமாக வெளியூர் சென்றிருந்தேன். அன்று மாலை பள்ளிக்குத் தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. பேசியவர் எங்கள் விடுதியில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பையனின் தந்தை, படைவீரர். தென்கோடியில் இருந்த ஒரு முகாமிலிருந்து வடக்கே மாற்றலாகிச் செல்கிறவர். வழியில் எங்கள் ஊரில் இறங்கி, மகனைக் கண்டுவிட்டு, பிற்பகல் வண்டியைப் பிடிக்கவேண்டும். நாளை வருகிறேன், பையனைப் பள்ளியிலேயே இருக்கச் சொல்லுங்கள் என்பதுதான் செய்தி. தொலைபேசியை எடுத்த அலுவலக ஊழியர் அதை அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். "ஹி ஸெட் ஹி வில் கம் டுமாரோ. பாய் டு பி ஹியர்." தேதி இல்லை, கிழமை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து அதைப் படித்தேன். 'டுமாரோ' என்று என் கண்ணில் பட்டது. என்னுடைய நாளை புதன்கிழமை. அன்று காலை எட்டரை மணிக்கு, வட்ட அளவிலான விளையாட்டுப் போட்டிக்குப் புறப்படும் மாணவர் பட்டியல் கையொப்பத்துக்கு வந்தது. அந்தப் பையனின் பெயரும் அதில் இருந்தது. நாளைக்குத்தானே இவன் இங்கே இருக்கவேண்டும், இன்று போய் வரட்டும் என்று எண்ணி நானே கையொப்பமிட்டேன்.

பதினோரு மணிக்குத் தந்தை வந்தார். போட்டி நடந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இடையே ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். அந்நாளில் எங்களில் எவரிடமும் கைப்பேசி கிடையாது. தாமே அங்குச் சென்றால் வண்டி தவறிவிடும். படையிலே வண்டி தவறினேன் என்று சொல்லமுடியாது. வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அந்தத் துண்டுத்தாளைக் காட்டி மன்னிப்புக் கேட்டபோது, அவர் அதை வாங்கிப் படித்து, "நான் சொன்னதைத்தானே சார் எழுதியிருக்கிறார்" என்றார். உண்மைதான். அவர் சொன்ன சொல் அப்படியே இருந்தது. சொன்ன நாள்தான் உடன் வரவில்லை. ஒரு பலகாரப் பொட்டலத்தையும் ஒரு பேனாவையும் என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

பொழுது சாயும் வேளையில் பையன் திரும்பி வந்தான். பொட்டலத்தைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவன் அழவில்லை. "சார், அப்பா மறுபடி எப்பொழுது வருவதாகச் சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்டான். வருவதாக, என்றான். அயற்கூற்றை அவ்வளவு திருத்தமாக எந்த மாணவனும் என்னிடம் கூறியதில்லை. அவர் எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை என்ற விடையை அவனிடம் சொல்ல எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

மறுநாள் முதல், எங்கள் அலுவலகத்தில் எழுதப்படும் எந்தச் செய்தியிலும் 'டுடே', 'டுமாரோ' என்னும் சொற்கள் வரக்கூடாது என்று ஓர் உத்தரவு போட்டேன். 'தி நெக்ஸ்ட் டே' என்று எழுதினாலும் போதாது; எந்த நாளுக்கு மறுநாள் என்பது தெரியவேண்டும் அன்றோ? கிழமையையும் தேதியையும் எழுதுங்கள் என்றேன். வகுப்பிலும் அந்தப் பட்டியலை ஐந்து நிமிடத்தில் நடத்துவதை விட்டுவிட்டேன். பட்டியலில் உள்ளபடி 'டுமாரோ' எப்பொழுதும் 'தி நெக்ஸ்ட் டே' ஆகும் என்பதும் சரியன்று. திங்கட்கிழமை சொன்னதைத் திங்கட்கிழமையே நீங்கள் சொன்னால் 'டுமாரோ' என்பதை மாற்றவேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை சொன்னால் அது 'டுடே' ஆகும். புதன்கிழமை சொன்னால் 'எஸ்டர்டே' ஆகும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால்தான் 'தி நெக்ஸ்ட் டே'. தேர்வுத் தாளில் சொல்லுகிறவன் எந்த நாளில் நிற்கிறான் என்று குறிப்பிடமாட்டார்கள், ஆகவே நெடுநாள் கழித்துச் சொல்வதாகக் கொண்டு பட்டியலின்படி எழுதிவிடுங்கள், மதிப்பெண் கிடைக்கும். வாழ்க்கையில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

வினா வாக்கியங்களில் நம் மாணவர்கள் செய்யும் பிழையும் 'என்று' என்பதிலிருந்தே பிறக்கிறது. 'எங்கே போகிறாய் என்று கேட்டான்' என்பதைப் பார்த்து, "ஹி ஆஸ்க்ட் மி தட் வேர் வாஸ் ஐ கோயிங்" என்று எழுதுகின்றனர். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. வினாவிலே 'தட்' வராது. 'வேர்', 'வென்', 'ஒய்' என்னும் வினாச்சொல்லே இணைக்கும் வேலையையும் செய்துவிடும். அன்றியும், இப்பொழுது இது வினா அன்று. வினாவைப் பற்றிய செய்தி. ஆதலால் சொல்வரிசை செய்தி வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பவேண்டும்: "ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ் கோயிங்." கடைசியில் வினாக்குறி இல்லை. வினாச்சொல் இல்லாமல் ஆம், இல்லை என்று விடை வேண்டும் வினாக்களுக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' சேர்க்கவேண்டும். ஏன் என்று கேட்பீர்கள். தமிழில் 'வருகிறாயா' என்று கடைசியில் நிற்கும் 'ஆ' வினாவைக் காட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அப்படி ஓர் எழுத்து இல்லை. அது சொல்வரிசையைத் தலைகீழாக்கியே வினாவைக் காட்டுகிறது. அந்த வரிசையை நேராக்கிவிட்டால் வினாவுக்கு ஓர் அடையாளமும் மிஞ்சுவதில்லை. அந்த வெற்றிடத்தில் வந்து உட்காருவதே 'இஃப்'. நாம் மேலே சொன்ன 'ஆக' வழி வினாக்களுக்கு உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். 'போகிறாயா' என்பதில் 'ஆக' ஏறாது.

ஏவல் வாக்கியங்களில் 'ஸெட் டு' என்பதை நீக்கி, 'டோல்ட்', 'ஆர்டர்ட்', 'ரிக்வெஸ்டட்', 'அட்வைஸ்ட்' என்று இடத்துக்கேற்ற வினை ஒன்றை இட்டு, பின்னே 'டு' சேர்த்தால் முடிந்தது. 'டோன்ட்' என்று தொடங்கினால் 'நாட் டு'. இலக்கணம் இவ்வளவே, பொறுப்பு இதைவிடப் பெரியது. "கதவைச் சாத்து" என்ற ஒரே வாக்கியத்தைத் தாய் சொன்னால் 'டோல்ட்', படைத்தலைவர் சொன்னால் 'ஆர்டர்ட்', காய்ச்சலில் படுத்திருக்கும் நண்பன் சொன்னால் 'ரிக்வெஸ்டட்'. குரலின் தன்மை மேற்கோட்குறியோடு உதிர்ந்துபோய்விடுகிறது; அதை ஒரே வினைச்சொல்லால் மீட்டுத் தரவேண்டியவர் நீங்கள். "இப்பொழுது என்னால் முடியாது, சார்" என்று ஒரு பையன் தலைகுனிந்து சொன்னதை, வகுப்புத் தலைவன் என்னிடம் வந்து, "அவன் மறுத்துவிட்டான், சார்" என்று சொல்லியதுண்டு. 'ஸெட் தட் ஹி குட் நாட்' என்பதற்கும் 'ரெஃப்யூஸ்ட்' என்பதற்கும் இடையே ஒரு பிரம்படியின் தூரம் இருந்த காலம் அது.

வியப்பு வாக்கியங்களுக்கு 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்', 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஸாரோ' என்று அச்சிட்ட வாய்பாடுகள் இருக்கின்றன. தேர்வுக்காகக் கற்றுக்கொள்ளுங்கள். உயிருள்ள ஆங்கிலத்தில் அப்படி யாரும் எழுதுவதை நான் அதிகம் கண்டதில்லை.

பிறர் பேச்சைக் கூறுவதில் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு ஆங்கில இலக்கிய வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1755இல் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட டாக்டர் சாமுவேல் ஜான்சன், அதற்குமுன் 1740களின் தொடக்கத்தில் வறுமையோடு லண்டனில் வாழ்ந்தபோது, 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' என்னும் இதழுக்கு நாடாளுமன்ற விவாதங்களை எழுதிக் கொடுத்துவந்தார். அக்காலத்தில் விவாதங்களை வெளியிடுவதற்குத் தடை இருந்தமையால், லில்லிபுட் என்னும் கற்பனை நாட்டின் சபை விவாதங்கள் என்று பெயரிட்டு அவை அச்சாயின. ஜான்சனோ சபைக்குள் சென்று கேட்டவர் அல்லர் என்றே சொல்லலாம். இன்னார் பேசினர், இன்ன பக்கம் பேசினர் என்று பிறர் கொண்டுவந்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, பேச்சு முழுவதையும் தாமே புனைந்து எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு விருந்தில், வில்லியம் பிட் ஆற்றிய ஒரு பேருரையைச் சிலர் வியந்து புகழ்ந்தபோது, அதைத் தாம் ஒரு மாடியறையில் உட்கார்ந்து எழுதியதாக ஜான்சன் கூறினார் என்பர். மக்கள் அவற்றை மெய்யான பேச்சு என்று நம்புவதை அறிந்தபின் அவ்வேலையை நிறுத்தினார். முதுமையில் அதற்காக வருந்தவும் செய்தார். பிரிட்டன் நாடாளுமன்றம் தன் விவாதங்களைத் தானே முழுமையாகக் குறிப்பெடுத்து வெளியிடும் ஏற்பாடு 1909இல்தான் வந்தது. அதற்கு முன்பிருந்த அறிக்கைகள் பலவும், 'அவர் இவ்வாறு கூறினார், இவ்வாறு கருதினார்' என்று படர்க்கையில் அமைந்த அயற்கூற்றாகவே இருந்தன. இன்றும் நம் சங்கங்களிலும் கல்லூரி மன்றங்களிலும் எழுதப்படும் கூட்டக் குறிப்பேடுகள் அந்த நடையில்தான் இருக்கின்றன. உங்கள் மன்றத்தின் செயலாளராக நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டால், இந்த இலக்கணம் முழுவதும் ஒரே மாலையில் உங்களுக்கு வேண்டியதாகிவிடும்.

முடிப்பதற்குமுன் ஒரு பயிற்சி தருகிறேன். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி உங்களிடம் ஆங்கிலத்தில் பேசுவதாக வைத்துக்கொள்வோம், கற்பனைதானே! "வில் யூ ப்ரிங் யுவர் பிரதர் ஹியர் டுமாரோ?" என்று கேட்கிறார். இதை இரண்டு வகையாக மாற்றி எழுதுங்கள். முதலாவது, அதே நாளில், அதே வீட்டில், அடுத்த அறையிலிருக்கும் உங்கள் மாமாவிடம் சொல்லுவதாக. இரண்டாவது, ஒரு மாதம் கழித்து, வேறோர் ஊரில், உங்கள் நண்பனிடம் சொல்லுவதாக. முதலாவதற்கு, "கிராண்ட்மதர் ஆஸ்க்ட் மி இஃப் ஐ வுட் ப்ரிங் மை பிரதர் ஹியர் டுமாரோ" என்று நீங்கள் எழுதியிருந்தால் சரி. இடமும் நாளும் மாறவில்லை. இரண்டாவதில் 'ஹியர்' என்பது 'தேர்' ஆகவும், 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆகவும் மாறும். அதோடு நின்றுவிட்டீர்களா? இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நீங்கள் இப்பொழுது பாட்டியின் வீட்டில் இல்லை. அங்கே 'அழைத்து வருவது' எப்படி? 'அழைத்துப் போவது' அல்லவா? 'ப்ரிங்' என்பதும் 'டேக்' என்று மாறவேண்டும். அது எந்தப் பட்டியலிலும் இல்லை.